நேர்ல வாங்க

லேப்பிலிருந்து வரும் போனில் இரண்டே வாக்கியங்கள்தான் உண்டு. "கவர் பஸ்ல வருது" என்றால் பிழைத்தோம். "நேர்ல வாங்க" என்றால் தொலைந்தோம்.

அந்த இரண்டையும் சொன்ன அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. அறந்தாங்கியில் ஸ்டுடியோ வைத்திருந்த எங்கள் யாருக்கும் தெரியாது. புதுக்கோட்டையில் ஒரு கலர் லேப், அதன் கவுண்டரில் ஓர் அக்கா, ஆகவே லேப் அக்கா. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராகக்கூட இருக்கலாம். ஆனால் பயப்படுகிற ஆளை அக்கா என்று கூப்பிட்டு வைப்பது நமக்கு நல்லது.

பிலிம் காலத்தில் எங்கள் பிழைப்பு இப்படி: கல்யாணத்தை எடுத்து முடித்ததும் ரோல்களை ஒரு பையில் போட்டுக் கட்டி, புதுக்கோட்டை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். லேப்பில் கழுவி, பிரிண்ட் போட்டு, கவரில் வைத்து அதேபோல பஸ்ஸில் அனுப்புவார்கள். பை போனதற்கும் போன் வருவதற்கும் நடுவில் ஒன்றரை நாள் ஆகும். அந்த ஒன்றரை நாளும் எனக்குச் சோறு இறங்காது. சமைக்கிறவன் ருசி பார்க்கலாம், தைக்கிறவன் போட்டுப் பார்க்கலாம். நாங்கள் மட்டும் என்ன எடுத்தோம் என்று தெரியாமலேயே அட்வான்ஸ் வாங்கிச் செலவழித்துக்கொண்டிருந்தோம். அப்போது என் கடையில் போன் கிடையாது. பக்கத்து மருந்துக் கடைக்குத்தான் வரும். அவர் "லேப்பு!" என்று குரல் கொடுத்ததும் மாத்திரை வாங்க நிற்கிறவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அவர்களைவிட எனக்குத்தான் உடம்பு மோசம் என்று நினைத்திருப்பார்கள்.

அக்கா ஒல்லி. இடது கையில் மட்டும் வெள்ளைத் துணி உறை போட்டிருப்பார், வலது கை சும்மா இருக்கும். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருக்கும். கழுவின நெகட்டிவை உறை போட்ட கையில் பிடித்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். மாவட்டத்துக் கல்யாணப் பெண்கள் பாதிப் பேரை அவர் அப்படித்தான் பார்த்திருக்கிறார், முகம் கறுத்து, முடி வெளுத்து. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் போய், "மூக்குத்திய மாத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாராம். அந்தப் பெண் மிரண்டு போய்ப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம். "எனக்கு அவங்களத் தெரியும், அவங்களுக்கு என்னயத் தெரியாது. மறந்து போயிட்டேன்" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு மண்பானை, பானை மேல் எவர்சில்வர் டம்ளர். கூட்டம் எவ்வளவு இருந்தாலும், கால் எவ்வளவு கடுத்தாலும், எங்களில் ஒருத்தரும் அந்த ஸ்டூலில் உட்கார மாட்டோம். கெட்ட சேதி வாங்க வந்தவர்களிடம் மட்டும்தான் அக்கா "ஒக்காருங்க" என்பார். அதற்கு முன்பே தெரிந்துவிடும். நல்ல சேதி என்றால் அவர் கையில் கவர் இருக்கும். இல்லையென்றால் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கைகள் இரண்டையும் கவுண்டர் மேல் எடுத்து வைப்பார். அதனால் உள்ளே நுழைகிறபோதே நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன்.

எங்கள் போட்டோகிராபர் சங்கத்தில் ஒருத்தர், சிங்கத்துக்கே பல் தேய்த்துவிட்டு வருவேன் என்கிற மாதிரி பேசுகிறவர். அவருக்கு ஒருநாள் "நேர்ல வாங்க" வந்தது. பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டு, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு பஸ் ஏறினார். போனால் அக்கா ஒரு குடையை எடுத்து நீட்டியிருக்கிறார். "போன வாரம் விட்டுட்டுப் போயிட்டீங்க."

"இதப் போன்லயே சொல்லிருக்கலாமேக்கா! நான் பாதி செத்துட்டேன்."

"கொடைய போன்ல குடுக்க முடியுங்களா?"

சிரித்தோம். ஆனால் அக்கா ஏன் போனில் சொல்வதில்லை என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டது, எனக்கே அந்த ஸ்டூல் கிடைத்த அன்றைக்குத்தான்.

கீரமங்கலத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்கு வளைகுடா வேலை, ஒரு மாத லீவில் வந்திருந்தார். எட்டு ரோல் பேசி வாங்கியிருந்தேன். எங்களிடம் ஒரு கஞ்சத்தனம் உண்டு. ரோலின் தொடக்கத்தில் நாக்கு மாதிரி கொஞ்சம் பிலிம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்து கேமராவுக்குள் இருக்கும் உருளையில் மாட்ட வேண்டும். தாராளமாக இழுத்து மாட்டினால் முப்பத்தாறு படம் விழும். நுனியை மட்டும் பட்டும் படாமல் மாட்டினால் முப்பத்தெட்டு விழும். ரோலுக்கு இரண்டு என்றால் எட்டு ரோலுக்குப் பதினாறு படம், கிட்டத்தட்ட அரை ரோல் மிச்சம். அந்த அரை ரோலில் இரண்டு நாள் பால் செலவு அடங்கும். இது எல்லாரும் செய்கிறதுதான்.

தாலி கட்டுகிற நேரம். மேளக்காரர் கெட்டிமேளத்துக்கு மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறார், என் ரோல் முடிந்துவிட்டது. அவசரமாகப் புது ரோலை வழக்கம்போல நுனியில் மாட்டி மூடினேன். பிலிம் ஓடினால் மேலே இடது பக்கத்துக் குமிழ் சுற்றும். அதைப் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பார்க்கவில்லை. முப்பத்தாறும் போய், முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று எண் ஏறிக்கொண்டே போனபோது, அட, இன்றைக்கு மூன்று படம் லாபம் என்று நான் சந்தோஷப்பட்டேன். நாக்கு நழுவி, பிலிம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. அத்தனை படமும் காற்றில் எடுத்தது.

மறுநாள் மத்தியானமே போன் வந்தது. நேர்ல வாங்க. அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை வரை ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன், ஒரு ஊரும் கண்ணில் படவில்லை. உள்ளே நுழைந்தேன். வெறும் கைகள் கவுண்டர் மேல் இருந்தன.

"ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்து, நான் குடித்து முடிக்கிறவரை காத்திருந்தார். பிறகு நெகட்டிவை எடுத்துக் காட்டினார். தலையிலிருந்து கால்வரை ஆரஞ்சு நிறத்தில் வெறும் நாடா. ஒரு தலை, ஒரு கை, ஒரு தாலி கிடையாது.

"அந்த வீட்டுக்கு இன்னைக்கே போங்க" என்றார்.

"ரெண்டு நாளு கழிச்சுப் போறேங்க்கா. கல்யாண வீடு, இன்னும் ஒறமொறையெல்லாம் இருப்பாங்க. என்னய உரிச்சுருவாங்க."

"ஒறமொற இருக்கணும்னுதான் சொல்றேன். மாப்பிள்ள எப்பப் போறாரு?"

"நாலு நாளுல பிளைட்டு."

"அவரு பிளைட்டு ஏறிட்டா யார நிக்க வச்சு எடுப்பீங்க? ஆளு இருக்கையில சொன்னா ஏதாச்சும் செய்யலாம். பைமேல வெளிநாட்டு மாப்பிள்ளன்னு எழுதியிருந்தீங்க, ஒங்க ரோல எடுத்து மொதல்ல கழுவுனதே அதுக்குத்தான்."

அப்போதுதான் கேட்டேன், ஏனக்கா போனில் சொல்வதில்லை என்று. அவர் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி மறுபடி செருகிக்கொண்டார்.

"போன்ல சொன்னா ஒங்க மூஞ்சி எனக்குத் தெரியாது. கேட்டுட்டு எங்கிட்டுப் போவீங்கன்னும் தெரியாது. இங்க ஒரு ஸ்டூல் கெடக்கு, தண்ணி இருக்கு. அவ்வளவுதான்."

அன்றைக்கே கீரமங்கலம் போனேன், கேமராவோடு. பெண்ணின் அப்பா வாசலில் கடப்பாரையை நட்டுத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை உரிப்பதை நிறுத்தவே இல்லை. மட்டை கிழிகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். உள்ளே பெண்ணின் அம்மா அபசகுனம் என்று அழ ஆரம்பித்துவிட்டார். தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்லிக் கேட்க முடியுமா? வாயைத் திறந்தால் அதோடு முடிந்தேன். கடைசித் தேங்காயைப் போட்டுவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"போன்ல சொல்லிருந்தீங்கன்னா நாலு பேரக் கூட்டிக்கிட்டு ஒங்க கடைக்கு வந்துருப்பேன். வீடு தேடி வந்துட்டீங்க, என்னத்தச் செய்ய? எளநி குடிங்க."

அதே பட்டுப்புடவையைக் கட்டச் சொல்லி, அதே மாதிரி மாலை வாங்கிப் போட்டு, உறவுக்காரர்கள் எல்லாரையும் நிற்க வைத்து மூன்று ரோல் எடுத்தேன். தாலி கட்டும் படம் மட்டும் அந்த ஆல்பத்தில் இன்றுவரை இல்லை. ரோல் மாட்டும்போது குமிழைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அன்றையிலிருந்து வந்தது.

பிறகு டிஜிட்டல் வந்தது. எங்கள் தெருவிலேயே ஒருத்தர் கடனை உடனை வாங்கி ஒரு கேமரா வாங்கிவிட்டார். எடுத்த கையோடு திரையில் காட்டினார், ஜனம் அங்கே சாய்ந்தது. எனக்குத் தூக்கம் போனது. வாங்கலாம் என்றால் மனைவியின் செயினை அடகு வைக்க வேண்டும். வாங்காவிட்டால் கடையையே மூட வேண்டும். இந்த நேரத்தில் மருந்துக்கடையிலிருந்து குரல் வந்தது. நேர்ல வாங்க.

லேப்பில் அப்போது என்னுடையது ஒரே ஒரு ரோல்தான் கிடந்தது, ஏதோ ஒரு பிறந்தநாள். அதற்கே நடுங்கிக்கொண்டு போனேன். வெறும் கை. "ஒக்காருங்க." தண்ணீர்.

"ரோல் நல்லாத்தான் இருக்கு. ஒங்க பொழப்புதான் சரியில்ல" என்று ஒரு பழைய பிரிண்ட் கவரைத் திருப்பிப் போட்டு, பென்சிலை உருவினார். என் வரும்படி எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. போன வருஷம் எத்தனை ரோல் அனுப்பினேன், இந்த வருஷம் எத்தனை, ஒரு கல்யாணத்துக்கு ரோல் எவ்வளவு, கழுவ எவ்வளவு, பிரிண்ட் எவ்வளவு என்று வரிசையாக எழுதினார். "கல்யாணத்துக்கு நீங்க வாங்குறதுல பாதிக்கு மேல எங்க லேப்புலதான் குடுத்துட்டுப் போறீங்க. டிஜிட்டல்ல இந்த வரி கெடையாது, இந்த வரி கெடையாது, பிரிண்ட்டு மட்டுந்தான். ஒரு சீசன்ல கேமரா காசு வந்துரும். இன்னும் ஒரு வருசம் தள்ளிப் போட்டீங்கன்னா வாங்கியும் பிரயோசனம் இருக்காது."

இல்லை இல்லை என்று அவர் அடித்த வரிகளில்தான் அவர் சம்பளமும் இருந்தது. எனக்கே அது உறைத்தது.

"நீங்க இதச் சொல்லலாமாக்கா? மொதலாளிக்குத் தெரிஞ்சா?"

"ஒங்க வீட்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க" என்றார், அதுதான் பதில் என்பதுபோல. கவரை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு. ரோல்ல தப்பு நடந்தா நான் சொல்லிருவேன். இதுல யாரு சொல்லுவா?" என்று கேட்டார்.

"அதான் அப்பவே திரையில தெரிஞ்சுருமேக்கா" என்றேன். பெரிய மேதாவி மாதிரிச் சிரிக்கவும் செய்தேன்.

செயின் அடகுக்குப் போனது. அக்கா சொன்னபடியே அந்த சீசனில் திரும்பியும் வந்தது. வருமானம் கையில் தங்கியது, கடைக்கு கம்ப்யூட்டரும் போனும் வந்தன, பெண்களுக்குக் கம்மல் எடுத்தேன். ஆல்பம் அடிக்க வேறு ஊர் போக ஆரம்பித்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துப் புதுக்கோட்டையில் அந்த வழியாகப் போனபோது லேப் இருந்த இடத்தில் செருப்புக் கடை இருந்தது. அக்கா எங்கே என்று விசாரிக்கலாம் என்று நினைத்தேன். பெயர் தெரியாமல் யாரைப் போய் விசாரிப்பது? நன்றி சொல்ல வேண்டிய மனுஷியின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாத எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் டீ குடித்ததும் மறந்துவிட்டேன்.

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு மீனவர் வீட்டுக் கல்யாணம். பெண்ணின் அப்பா விசைப்படகில் போகிறவர். கேமராவைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போய்விடுகிற ஆள். அவருக்கு இருந்த ஒரே படம், அடையாள அட்டைக்காக வாலிப வயதில் எடுத்தது. அன்றைக்கு மகள் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தினாள். அவர் கூச்சத்தோடு மகள் தோளில் கை போட்டார். ஒன்று எடுத்தேன். "நல்லா விழுந்துருச்சா தம்பி?" என்று கேட்டார். திரையில் காட்டினேன். அப்பாவும் மகளும் தலையை முட்டிக்கொண்டு பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

அன்றைக்கு மாலையே அறந்தாங்கியில் ஒரு வரவேற்பு. என்னிடம் இருந்தது ஒரே மெமரி கார்டு. இன்னொன்று வாங்குவது தண்டச் செலவு என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன், ரோலில் இரண்டு படம் மிச்சம் பிடித்த அதே புத்தி. கடைக்கு வந்து கார்டை கம்ப்யூட்டரில் செருகிக் காப்பி போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். நடுவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தபோது ஜெகதாப்பட்டினம் என்று நான் பெயர் போட்ட போல்டர் இருந்தது. திறந்து பார்க்கவில்லை. குமிழைத் தொடுகிற கைக்குத் தொட இங்கே ஒன்றும் இல்லை. கார்டை முழுக்க அழித்துவிட்டு, அதிலேயே வரவேற்பை எடுத்தேன்.

மூன்றாம் நாள் ஆல்பம் வேலைக்கு உட்கார்ந்து போல்டரைத் திறந்தேன். காலையில் வாசலில் எடுத்த வாழைமரம், நாதஸ்வரக்காரர், பதினொரு படம். அவ்வளவுதான்.

அழிந்ததை மீட்கிற ஆட்களிடம் ஓடினேன். மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்து மூடிவிட்டீர்களே என்று கையை விரித்தார்கள். கடலோரத்து ஆட்கள், நாலு பேர் வந்தால் கடை என்னாகும், ஊருக்குத் தெரிந்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு யார் கூப்பிடுவார்கள், வீட்டில் எப்படிச் சொல்வது என்று இதுதான் நாள் முழுக்க ஓடியது. அந்தக் கல்யாணப் பெண் போன் செய்தாள். "ஆல்பம் வேலை நடக்குதும்மா" என்றேன். நாலு நாள் கழித்துச் செய்தாள். "கரண்டே இருக்க மாட்டேங்குதும்மா" என்றேன். நேர்ல வாங்க என்று என்னைப் பஸ் ஏற்றிவிட ஒரு போனும் வரவில்லை. திரும்பத் திரும்ப மணி அடித்தது என் போன்தான், அதில் பொய் சொன்னதும் நான்தான்.

மூன்றாவது தடவை அவள் கூப்பிட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணே, அப்பா போன படகு கவுந்துருச்சுண்ணே. மூணு நாளு கழிச்சு ஒடம்பு ஒதுங்குச்சு. மொகத்தத் தொறந்து காட்ட மாட்டேன்னுட்டாங்க. மீனு கடிச்சிருச்சாம். மூடியே எடுத்துட்டுப் போயிட்டாங்க." மூச்சு வாங்கினாள். "கல்யாணத்துல என்கூட நின்னாருல்ல, அந்தப் படம் வேணும்ண்ணே. நான் மொகத்தப் பாக்கணும். இருக்குல்லண்ணே?"

போனிலேயே சொல்லியிருந்தால் என்னைப் பொறுத்தவரை அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். வாயில் வந்தும்விட்டது. அவள் எங்கே நிற்கிறாள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், கேட்டுவிட்டு எங்கிட்டுப் போவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"நேர்ல வாரேம்மா" என்றேன்.

எங்கள் தொழிலில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? "வாங்கண்ணே, பெருசாப் போட்டுக் கொண்டாங்கண்ணே" என்றாள்.

ஜெகதாப்பட்டினம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, லேப்புக்குப் போன பயமெல்லாம் ஒரு பயமா என்று தோன்றியது. அங்கே சேதி அக்காவிடம் இருந்தது, இங்கே என்னிடம் இருந்தது. இப்படி எத்தனை பேருக்கு, எத்தனை வருஷம் அந்த மனுஷி வெறும் கையோடு காத்திருந்திருப்பார்? பாதி வழியில் இறங்கிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவை உட்கார்ந்தேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். நான் இரண்டு கைகளையும் அவள் பார்க்கும்படி முன்னால் வைத்துக்கொண்டேன். ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, "ஒக்காரும்மா" என்றேன்.

உட்கார்ந்தாள். சொன்னேன். கரண்ட் போனது, திறந்து பார்க்காதது, அழித்தது, ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. உள்ளே யாரையோ கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. என் கைகளைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அழிஞ்சது ஒங்களுக்கு எப்பண்ணே தெரியும்?"

"கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாளு."

விரலை மடக்கி எதையோ எண்ணினாள்.

"அதுக்கப்புறம் பத்து நாளு அப்பா கடலுக்கே போகலண்ணே. இந்தா, இந்த வாசல்லதான் ஒக்காந்து வலை பின்னிக்கிட்டு இருந்தாரு."